சிம்பதி, எம்பதி: ரெண்டும் ஒண்ணா? உளவியல் சொல்லும் வித்தியாசம் இதுதான்!

ஆபீஸ் மீட்டிங், சினிமா பேட்டி, ரீல்ஸ் என எங்கு பார்த்தாலும் இப்போது அடிபடும் வார்த்தை 'எம்பதி'. பலர் இதை 'சிம்பதி'யோடு குழப்பிக்கொள்கிறார்கள். உளவியலில் இரண்டும் வேறு வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல், ஆறுதல் சொல்லப் போய் காயப்படுத்திவிட்டு வருவதும் நடக்கிறது.

சிம்பதி என்றால் என்ன?

அடுத்தவரின் துன்பத்தைப் பார்த்து, 'ஐயோ பாவம்' என்று நாம் வருந்துவது சிம்பதி. தமிழில் அனுதாபம். இதில் வருத்தம் நம்முடையது. அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரியாமலேயே ஒருவர் மீது அனுதாபப்பட முடியும்.

எம்பதி என்றால் என்ன?

அவர் இடத்தில் இருந்து பார்த்தால் இது எப்படி இருக்கும் என்று உணர முயல்வது எம்பதி. தமிழில் ஒத்துணர்வு. சிலர் இதை 'பச்சாதாபம்' என்று எழுதுகிறார்கள். ஆனால், செய்த தவறுக்காகப் பின்னால் வருந்துவது என்பதே அந்தச் சொல்லின் மூலப்பொருள்.

ஒத்துணர்வில் இரண்டு வகை உண்டு. அடுத்தவர் என்ன நினைக்கிறார் என்று அறிவால் புரிந்துகொள்வது ஒன்று. அவர் உணர்வு நம்மையும் தொற்றிக்கொள்வது இன்னொன்று.

வார்த்தை எங்கிருந்து வந்தது?

'ஐன்ஃப்யூலுங்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு 'உள்ளே புகுந்து உணர்தல்' என்று பொருள். ஓவியம், சிற்பத்தை ரசிப்பது பற்றிய பேச்சில்தான் அது முதலில் புழங்கியது. 1909-ல் உளவியலாளர் எட்வர்ட் டிட்ச்னர் அதை ஆங்கிலத்தில் 'எம்பதி' ஆக்கினார்.

மூளையில் என்ன நடக்கிறது?

2004-ல் டானியா சிங்கர் குழுவினர் லண்டனில் 16 ஜோடிகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினர். பெண்ணை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, சில நேரம் அவர் கையிலும், சில நேரம் பக்கத்தில் இருந்த துணைவர் கையிலும் லேசான ஷாக் கொடுத்தார்கள். துணைவருக்கு வலித்தபோதும், வலியின் வேதனையை உணரும் மூளைப் பகுதிகள் அந்தப் பெண்ணுக்கு இயங்கின. ஆனால், உடலில் எங்கே வலிக்கிறது என்று உணரும் பகுதி இயங்கவில்லை. அதாவது, வேதனையில் பங்கு கிடைக்கிறது, உடல்வலி வருவதில்லை.

பேச்சில் எப்படித் தெரியும்?

கரு கலைந்த ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஐயோ பாவம், உனக்குப் போய் இப்படி ஆயிடுச்சே!" இது சிம்பதி.

"விடும்மா, உனக்கென்ன வயசா ஆயிடுச்சு? அடுத்தது நல்லபடியா பொறக்கும்." இது அக்கறையில் வருவதுதான். ஆனால் இழந்த குழந்தையைப் பற்றி அவர் பேச வழியில்லாமல் ஆக்கிவிடுகிறது.

"என்ன சொல்றதுன்னே தெரியலம்மா. பேசணும்னு தோணுச்சுன்னா சொல்லு, நான் இங்கதான் இருக்கேன்." இது எம்பதி.

எம்பதி காட்ட நாம் செய்ய வேண்டியது:

* பேச்சை முடிக்க விடுங்கள். நடுவில் தீர்வு சொல்ல வேண்டாம்.
* "எனக்கும் இப்படித்தான்" என்று உங்கள் கதைக்குத் தாவ வேண்டாம்.
* யார் மீது தப்பு என்ற விசாரணை வேண்டாம்.
* புரியவில்லை என்றால் யூகிக்காமல் கேளுங்கள்.

அளவு மீறினால்?

அடுத்தவர் வலியை முழுக்கத் தன் வலியாகவே சுமப்பவர்கள் சோர்ந்துபோவார்கள். நர்ஸ்கள், நோயாளியைக் கவனிக்கும் குடும்பத்தினரிடம் இதைப் பார்க்கலாம். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-லேயே இதற்கு ஒரு எல்லை சொன்னார்: அடுத்தவர் உலகை நம்முடையது 'போல' உணர வேண்டும், அந்த 'போல' என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

அனுதாபம் தப்பான விஷயம் இல்லை. அதிகம் பழகாதவர் வீட்டுத் துக்கத்தில் "ரொம்ப வருத்தமா இருக்குங்க" என்ற ஒரு வரியே போதும். நெருங்கியவர்களுக்குத்தான் அதற்கு மேல் தேவைப்படுகிறது.

கேட்க ஆள் இல்லை என்று தோன்றினால், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ இலவசமாக அழைக்கலாம்.