மூப்பின்மேல் ஏறிய பழி

முதியவர் ஒருவர் "சோறு தொண்டையில் இறங்கவில்லை" என்றால், "வயதாகிவிட்டதல்லவா?" என்று சொல்லி வீட்டார் அமைந்துவிடுவது பல நாடுகளிலும் காணும் வழக்கம். மருத்துவ அறிஞரும் ஒரு காலத்தில் ஏறத்தாழ இதையே கூறினர். கூறியதோடமையாது கிரேக்கப் பெயரொன்றும் சூட்டினர். அப்பெயர் எழுந்த கதையும், பின்னர் அஃது ஆட்டங்கண்ட கதையும் அறியத்தக்கவை.

விழுங்குதலை வாய், தொண்டை, உணவுக்குழாய் என மூன்று கட்டங்களாகப் பிரித்து விளக்கியவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் விளங்கிய உடலியல் அறிஞர் மஜாந்தி. முதற் கட்டம் மனிதன் விருப்பத்திற்கு உட்பட்டது. மற்றையவை தாமே நடப்பவை. 1880களில் ஜெர்மனியில் குரோனெக்கரும் மெல்ட்ஸரும் சிறு காற்றுப்பை பொருத்திய குழாயை விழுங்கச் செய்து, உள்ளே எழும் அழுத்தத்தை அளந்தனர். எனினும், விழுங்கிய உணவு இறங்கும் வழியைக் கண்ணாற் காண வழியில்லாதிருந்தது.

1895இல் ரோண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் வால்ட்டர் கேனன் என்னும் மாணவர், தம் பேராசிரியர் பௌடிச்சின் தூண்டுதலால் அக்கதிர்களை இத்துறைக்குக் கொண்டுவந்தார். உடன் உழைத்தவர் மோசர் என்னும் மற்றொரு மாணவர். நாயொன்று விழுங்கிய பொத்தான் இறங்கிச் செல்வதை 1896 டிசம்பரில் திரையில் கண்டனர். அடுத்து அகப்பட்டது நெடுங்கழுத்து வாத்து ஒன்று! அது தலையை அசைக்காதிருக்க, அதற்கு அட்டையால் உயர்ந்த கழுத்துப்பட்டை செய்து மாட்டினர். பிஸ்மத் உப்பு கலந்த உணவு கதிர்களை மறைத்துக் கருநிழலாகத் தெரிந்தது. குழாய் அலையலையாகச் சுருங்கி உணவைக் கீழே தள்ளுவது இவ்வாறு கண்கூடாயிற்று. முடிவுகள் 1898இல் வெளியாயின.

இனி முதுமைக்கு வருவோம். நுண்ணிய குழாய்களை உட்செலுத்தி அழுத்தத்தை அளக்கும் முறை செம்மையுற்றபின், 1964இல் சோயர்கல் முதலிய அமெரிக்க மருத்துவர் மூவர் தொண்ணூறு வயதைக் கடந்தோரைச் சோதித்தனர். விழுங்கிய பின் எழவேண்டிய அலை பலமுறை எழவில்லை; எழுந்த சுருக்கங்களும் ஒழுங்கின்றி இருந்தன; இரைப்பை வாயிலின் வளையத்தசை உரிய வேளையில் தளரவில்லை. இந்நிலைக்கு அவர்கள் 'பிரெஸ்பி ஈசோபேகஸ்', அதாவது 'முதுமை உணவுக்குழாய்' என்று பெயரிட்டனர். பெயர் விரைந்து பரவிற்று.

ஆனால், சோதிக்கப்பட்டோர் யாவரும் நோயற்றவரா? அல்லர். நீரிழிவும் நரம்புக் கோளாறும் உடையோர் அவர்களுள் இருந்தனர். அவ்விரண்டும் வயதின் துணையின்றியே உணவுக்குழாயைக் கெடுக்க வல்லவை. ஆகவே அளந்தது மூப்பையா, நோயையா என்னும் ஐயம் எழுந்தது. 1974இல் ஹாலிஸ், காஸ்டெல் என்னும் இருவர் 70 முதல் 87 வயது வரையுள்ள உடல்நலம் வாய்ந்த ஆடவரைத் தேர்ந்து சோதித்தனர். அவர்களிடம் அலை ஒழுங்காகவே ஓடிற்று. எண்பதைக் கடந்தோரிடம் அதன் வலிமை மட்டுமே குறைந்திருந்தது. முன்னையோர் அளவையில் பிழையில்லை. ஆள் தேர்விலேதான் பிழை.

அங்ஙனமாயின் மூப்பு ஒன்றும் செய்வதில்லையா? செய்கிறது, ஆனால் பெரிதும் தொண்டையிலும் நாவிலும். ஜோயேன் ராபின்ஸ் குழுவினர் 1992இல் நலமுள்ள 80 பேரை நான்கு வயதுப் பிரிவாக்கி ஆராய்ந்தபோது, மிக முதியோர் விழுங்கக் கூடுதல் நேரம் கொண்டனர். குரல்வளை மேலெழுந்து மூச்சுவழியைக் காக்கும் அசைவு அவர்களிடம் சற்றுத் தாமதித்தே தொடங்கிற்று. 1995இல் அவர்கள் நாவின் வலிமையை அளந்தனர். முழு வலிமையுடன் அழுத்தச் சொன்னால் முதியவர் நா இளையவர் நாவுக்குத் தோற்றது. விழுங்கும்போதோ இரண்டும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் தந்தன. வரவு குறைந்தும் செலவு குறையாத குடும்பத்தைப் போன்றது இது. அன்றாடப் பாடு நடக்கும். கையிருப்பு மட்டும் சுருங்கிவிடும். கடுங்காய்ச்சலோ பக்கவாதமோ வந்தால் அக்கையிருப்பு போதாது; உணவு மூச்சுக்குழலில் புகுந்து நுரையீரல் அழற்சி விளைய நேரும்.

இவ்வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. உணவு நெஞ்சில் சிக்குகிறது என்பவரை 'முதுமை' என்று சொல்லி அனுப்பினால், குழாயில் வளரும் புற்றுநோயோ, நடுக்குவாதத்தின் தொடக்கமோ காணப்படாமலே போகலாம். 1964இல் பிறந்த அப்பெயரை ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் கைவிட்டனர். எனினும், எக்ஸ்ரே அறிக்கைகளில் அஃது இன்னமும் அவ்வப்போது தலைகாட்டுகிறது.