வெந்நீரும் வியர்வையும்: அட்டாமிக் கடற்கரையின் வரலாறு

யப்பானிய மக்களின் வாழ்விலே நன்கு வேரூன்றிய வழக்கங்களுள் ஒன்று வெந்நீரூற்று விடுதியிற் சென்று தங்குதலாகும். விடுதியுட் புகுவோர் வாயிலிலே காலணியைக் கழற்றிவிடுவர். வைக்கோற் பாய் விரித்த அறைக்கு அவர்களை அழைத்துச் செல்வர். அங்கே பருத்தியாலான தளர்ந்த அங்கியை அணிந்துகொண்டு அவர்கள் நீராடப் போவர். நீர்த்தொட்டியுள் இறங்குமுன் ஒவ்வொருவரும் உடலைத் தனியே நன்கு கழுவிக்கொள்ளல் வேண்டும். தொட்டி யாவர்க்கும் பொதுவானது என்பதே இவ்விதியின் காரணம். நீராடி மீள்வோர்க்கு மீனும் சோறும் சாறும் சிறுசிறு கிண்ணங்களில் வரும். உணவு முடிந்ததும் பாயின்மேல் மெத்தை விரிக்கப்படும். கடற்கரை விடுதியாயின் சாளரத்துக்கு அப்பால் அலையோசை கேட்டுக்கொண்டிருக்கும்.

இவ்வனுபவத்தைப் போற்றி எழுதுவோர் பெரும்பாலும் இயற்கையின் கொடை என்ற சொல்லோடு நின்றுவிடுகின்றனர். நீர் நிலத்துக்கு அடியிற் சுடுவது இயற்கையின் செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நீர் யாருடைய தொட்டிக்குப் போயிற்று? அதை நாடி வந்தோர் எவ்வழியால் வந்தனர்? அவ்வழியை அமைத்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின் நாம் வரலாற்றையே நாடவேண்டும். அதற்கு ஏற்ற களமாக அட்டாமி என்னும் நகரம் அமைந்துள்ளது.

அட்டாமி, தோக்கியோவுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தொலைவில், இசுக் குடாநாட்டின் கிழக்குக் கரையிலே, சகாமி விரிகுடாவை நோக்கி இருக்கின்றது. மலைகள் செங்குத்தாகக் கடலில் வந்து இறங்கும் இடம் அது. வீடுகளும் விடுதிகளும் அச்சரிவிலே படிபடியாக ஏறி நிற்கின்றன. ஊரின் பெயருக்குச் 'சுடுகடல்' என்பது பொருள். பண்டைக் காலத்திலே கடலடியில் வெந்நீர் பொங்கியதால் மீன்கள் செத்து மிதந்தன என்றும், மீனவர் படும் துன்பத்தைக் கண்டு மங்கன் என்ற பௌத்த துறவி பிரார்த்தித்து ஊற்றைக் கரைக்கு மாற்றினார் என்றும் ஓர் ஐதிகம் வழங்குகின்றது. ஐதிகத்தை வரலாறாகக் கொள்ளல் ஆகாது. எனினும், ஊரின் தோற்றத்தைச் சொல்லும் கதையிலே அரசனோ வணிகனோ இல்லாமல், பிழைப்பு இழந்த மீனவரே முதலிடம் பெற்றிருப்பது நோக்கற்பாலது. பிற்கால வரலாற்றிலே அவர்களுக்கு அவ்விடம் கிடைக்கவில்லை.

1603 ஆம் ஆண்டில் நாட்டின் ஆட்சியைக் கைப்பற்றிய தொக்குகாவா இயெயாசு, அடுத்த ஆண்டிலேயே அட்டாமிக்கு வந்து ஏழு நாள்கள் நீராடினான். படைத்தலைவன் நீராடிய ஊற்றுக்கு மதிப்பு உயர்ந்தது. அவன் வழிவந்தோர் ஊற்றைத் தேடிச் செல்லும் சிரமத்தையும் விரும்பவில்லை. நீரே எதோ நகரத்துக் கோட்டைக்கு வரவேண்டும் என ஆணையிட்டனர். மரப்பீப்பாய்களில் நிரப்பிய வெந்நீரைத் தோள்மாறித் தோளாகச் சுமந்து கொண்டு ஆள்கள் ஓடினர். எட்டாவது அதிபதியான யோஷிமுனேயின் காலத்தில், 1726 முதல் எட்டு ஆண்டுகளில் 3643 பீப்பாய்கள் இவ்வாறு சென்றன எனக் கணக்கு இருக்கின்றது. பீப்பாய்களை எண்ணிவைத்தவர்கள் சுமந்தவர்களை எண்ணி வைக்கவில்லை. நிலப்பிரபுத்துவக் கணக்கேடுகளின் இயல்பு அது.

ஊருக்குள்ளும் நீர் எல்லார்க்கும் பொதுவாய் இருக்கவில்லை. 'ஓயு' எனப்பட்ட பேரூற்றிலிருந்து நீரைத் தம் வீட்டுக்கு இட்டுச்செல்லும் உரிமை 27 குடும்பங்களுக்கே இருந்தது. அவ்வீடுகளே விடுதிகளாயின. ஏனைய ஊரவர் அவ்விடுதிகளை நாடி வந்தோர்க்கு மீன் பிடித்தும் விறகு வெட்டியும் சுமை தூக்கியும் வாழ்ந்தனர். இவ்வாறு, நீரைக் கண்டவர் பலராயிருக்க, அதை உடைமையாக்கியவர் சிலராயினர்.

1860 ஆம் ஆண்டிலே பிரித்தானியத் தூதுவரான ரதர்போர்டு அல்கொக், பூஜி மலையில் ஏறிவிட்டுத் திரும்பும் வழியில் அட்டாமியிலே தங்கினார். அவருடைய நாய் ஊற்றின் கொதிநீர் பட்டு இறந்தது. ஊரவர் மனிதருக்குச் செய்வது போன்றே அதற்கு ஈமக்கிரியை செய்தனர். அந்நாயின் நினைவுக்கல் இன்றும் ஊற்றின் பக்கத்திலே இருக்கின்றது. ஊரவரின் இரக்கத்தைக் காட்டும் அக்கல்லை நாம் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும் அந்நீரைச் சுமந்து ஓடிய மனிதருக்கு அங்கே அத்தகைய கல் உண்டா என்று கேட்பதும் முறையே.

1868 இல் தொக்குகாவா ஆட்சி வீழ்ந்து மெய்ஜி அரசு எழுந்தது. படைத்தலைவரின் இடத்துக்கு அமைச்சரும் வங்கியாளரும் வந்தனர். அட்டாமி அவர்களுடைய ஓய்விடமாயிற்று. அரசியற் கலந்தாலோசனைகள் பல அவ்விடுதிகளிலேயே நடந்தன. 1889 சனவரி முதலாந் திகதி தோக்கியோவுக்கும் அட்டாமிக்கும் இடையே தொலைபேசித் தொடர்பு பரீட்சார்த்தமாக ஏற்படுத்தப்பட்டது. நாட்டிலே பெரிய நகரங்கள் பல இருக்க, ஒரு சிறு கடற்கரை ஊருக்கு அச்சாதனம் முதலிற் போய்ச் சேர்ந்ததன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. அதிகாரம் குளிக்கப் போகும் இடத்துக்குக் கம்பியும் கூடவே போயிற்று.

பிரயாண வசதியோ வேறு வகையாக அமைந்தது. 1895 இல் தொடங்கி 1896 இல் நிறைவெய்திய பாதையொன்று ஒதவாரா நகரத்தையும் அட்டாமியையும் இணைத்தது. அதன் நீளம் ஏறக்குறைய 25 கிலோமீற்றர். தண்டவாளம் இருந்தது, சிறு பெட்டிகளும் இருந்தன. இயந்திரம் மட்டும் இல்லை. ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு மூன்று ஆள்கள் பின்னின்று தள்ளினர். கடலோரக் குன்றுகளின் ஏற்ற இறக்கங்களைக் கடக்க ஏறத்தாழ நான்கு மணிநேரம் சென்றது. பயணச்சீட்டு மூன்று வகுப்புக்களாக இருந்தது. செங்குத்தான ஏற்றம் வந்ததும் முதல் வகுப்பினர் இருந்தபடியே இருப்பர், இரண்டாம் வகுப்பினர் இறங்கி நடப்பர், மூன்றாம் வகுப்பினர் இறங்கித் தள்ளுவர் என்று சொல்லப்படுகின்றது. அக்கால சமுதாயத்தை விளக்குதற்கு இதைவிடத் தெளிவான படத்தை எந்த ஓவியனும் வரைந்திருக்க முடியாது. 1907 இல் சிறு நீராவி இயந்திரம் வந்து மனிதத் தோள்களுக்கு விடுதலை தந்தது. 1923 இன் பெருநிலநடுக்கம் அப்பாதையையே அழித்துவிட்டது.

இக்காலத்திலேதான் ஒசாக்கி கோயோ என்ற நாவலாசிரியர் அட்டாமியின் பெயரை நாடெங்கும் பரப்பினார். 1897 முதல் 'யொமியூரி' பத்திரிகையிலே தொடராக வெளிவந்த 'கொஞ்ஜிகி யாஷா' என்ற நாவல், 1903 இல் ஆசிரியர் இறந்தமையால் முற்றுப்பெறாது நின்றது. பெயரிலுள்ள 'யாஷா' நம் யட்சனே. பொன்னிற யட்சன் என்பது பொருள். ஏழை மாணவனான கன்இச்சிக்கு உறுதிசெய்யப்பட்ட ஓமியா என்ற பெண், வைரமோதிரம் அணிந்த செல்வன் ஒருவனுக்கு மணமுடிக்கப்படுகின்றாள். அட்டாமிக் கடற்கரையிலே நிலவொளியில் அவன் அவளை உதைத்துத் தள்ளிவிட்டுப் போய், வட்டிக்குக் கொடுப்போனாக மாறுகின்றான். பணம் மனித உறவுகளை எவ்வாறு தின்கின்றது என்பதே கதையின் உள்ளீடு. 1986 இல் அக்கடற்கரையிலே அக்காட்சிக்குச் சிலை நாட்டினர். உல்லாசப் பிரயாணிகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். பணத்தின் கொடுமையைச் சொல்ல எழுந்த கதை பணம் ஈட்டும் பண்டமாயிற்று.

ஆயினும் அட்டாமியைப் பெருநகரமாக்கியது நாவலன்று. தன்னா சுரங்கப்பாதையே எனலாம். 1925 இல் புகையிரதம் அட்டாமி வரை வந்தது. அதற்கப்பால் மலை குறுக்கிட்டது. தோக்கியோவையும் ஒசாக்காவையும் இணைக்கும் பிரதான பாதை, அம்மலையைச் சுற்றி வடக்கே செங்குத்தான ஏற்றங்களினூடு சென்றது. மலையை ஊடறுத்து 7.8 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் அமைக்கும் வேலை 1918 இலேயே தொடங்கியிருந்தது. ஏழு ஆண்டுகளில் முடியும் என மதிப்பிட்ட வேலை பதினாறு ஆண்டுகள் நீடித்தது. 1921 ஏப்பிரலில் அட்டாமிப் பக்கத்திலே சுரங்கம் இடிந்து 16 தொழிலாளர் மாண்டனர். உள்ளே அகப்பட்ட 17 பேர் எட்டு நாள்களின் பின்னர் உயிருடன் மீட்கப்பட்டனர். 1924 இல் மறுபக்கத்திலே நிகழ்ந்த இடிவில் மேலும் 16 பேர் இறந்தனர். 1930 நவம்பரில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் சுரங்கமே இரண்டு மீற்றருக்கு மேல் இடம்பெயர்ந்தது. 1934 டிசம்பர் முதலாந் திகதி முதல் வண்டி ஓடியபோது 67 உயிர்கள் பலியாகியிருந்தன. அவற்றுள் கொரியத் தொழிலாளரின் உயிர்களும் அடங்கும். தம் நாட்டை யப்பானிய ஏகாதிபத்தியம் விழுங்கியமையால் கடல் கடந்து வந்து, அந்நாட்டின் மலைக்கடியில் மாண்டவர் அவர்கள். அட்டாமிப் பக்கத்து வாயிலின் மேலே அவர்களுக்கு நினைவுக்கல் ஒன்று உண்டு. விரைந்து உள்ளே புகும் வண்டியில் இருப்போர்க்கு அது தெரிவதில்லை.

சுரங்கம் குடித்தது குருதியை மட்டுமன்று. அதற்கு நேர் மேலே தன்னா என்னும் சிறு பள்ளத்தாக்கு இருந்தது. நீர் குறையாத கிணறுகளும் நெல்வயல்களும், தெளிந்த நீரில் மட்டும் வளரும் வசாபிப் பயிரும் அங்கே செழித்திருந்தன. சுரங்கம் பாறையின் நீரோட்டங்களை வெட்டியதும் அந்நீரெல்லாம் கீழே வடியலாயிற்று. வேலைக் காலத்திலே வடிந்த நீர், அயலிலுள்ள அஷி ஏரியைப் போல் மூன்று மடங்கு என்று மதிப்பிடுவர். கிணறுகள் வற்றின, வயல்கள் வெடித்தன. விவசாயிகள் வைக்கோற் பாய்களைக் கொடிகளாக உயர்த்திக் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுடைய போராட்டத்தின் பின்னரே அரசு நட்டஈடு வழங்கியது. பணம் வந்தது, நீர் திரும்பவில்லை. இன்று அப்பள்ளத்தாக்கு பாற்பண்ணைகளுக்குப் பெயர்பெற்றது. அட்டாமி விடுதிகளின் தொட்டிகளிலே நீர் நிரம்பி வழிந்த காலத்தில், மலைக்கு மேலிருந்த கிராமம் குடிநீருக்கு ஏங்கியது என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டாம் உலகப்போரின் பின்னர் நிலைமை மாறியது. 1950 ஏப்பிரலில் பெருந்தீ நகரின் நடுப்பகுதியை அழித்தது. அதன்மேல் புதிய கொங்கிறீற் கட்டடங்கள் எழுந்தன. 1947 இன் தொழிற்சட்டம் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையை உரிமையாக்கியது. முன்னர் அமைச்சருக்கே உரியதாயிருந்த கடற்கரைக்கு ஆலைத் தொழிலாளியும் எழுதுவினைஞரும் வந்தனர். 1964 இல் அதிவேகப் புகையிரதம் அட்டாமியிலும் நின்றது. 1960களில் ஆண்டொன்றுக்கு 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கே இரவு தங்கினர். உழைப்போர் ஓய்வெய்தும் உரிமை பெற்றமை உண்மையான முன்னேற்றமே. அதைச் சிறுமைப்படுத்துதல் ஆகாது.

எனினும் அவ்வோய்வு எவ்வடிவிலே கிடைத்தது என்பதையும் ஆராய வேண்டும். பெரும்பாலோர் தம் கம்பனியின் சுற்றுலாவிலே வந்தனர். முதலாளியே விருந்தளிப்பவன். மாலையில் அனைவரும் ஒரே வகை அங்கி அணிந்து, ஒரே மண்டபத்தில் வரிசையாக இருந்து, அவன் உரையைக் கேட்ட பின்னரே உண்டனர். ஒரே தொட்டியில் முகாமையாளரும் தொழிலாளியும் நீராடியது சமத்துவம் போலத் தோன்றியது. திங்கட்கிழமை காலையில் அச்சமத்துவம் ஆவியாய்ப் போயிற்று. விடுதிகளும் மதுச்சாலை, கடை, ஆடரங்கு யாவற்றையும் தம் சுவருக்குள்ளேயே அமைத்து வந்தோரை வெளியே விடாது வைத்துக்கொண்டன. ஊர்த் தெருவின் சிறுகடைக்காரர் வாடினர்.

அவ்விருந்துகளைச் சுமந்தவர்கள் பணிப்பெண்கள். காலை உணவுக்கு முன்பே தொடங்கும் அவர்களுடைய வேலை, நண்பகலில் சில மணிநேரம் விட்டு, இரவு மெத்தை விரிக்கும்வரை நீடிக்கும். இடைப்பட்ட ஓய்வு, வீடு போய் மீளவும் போதாதது. உணவும் தங்குமிடமும் விடுதியே தந்தமையால் வேறு புகலற்ற பெண்கள் பலர் இத்தொழிலை நாடினர். விருந்தினர் புகழும் உபசாரப் பண்பின் உள்ளே இருப்பது அவர்களுடைய நீண்ட வேலைநாளே.

1990களில் பொருளாதாரம் சரிந்ததும் கம்பனிச் சுற்றுலாக்கள் அருகின. விடுதிகள் பல மூடப்பட்டன. 2011 இல் தங்கியோர் தொகை ஏறக்குறைய 25 இலட்சமாகக் குறைந்தது. பின்னர் இளைஞரும் குடும்பத்தினரும் வரத் தொடங்கியதால் நகரம் ஓரளவு மீண்டது. அவ்வேளையிலேதான் 2021 யூலை 3 ஆந் திகதி, பெருமழையின்போது, நகரின் இசுசான் பகுதியிலே மண்சரிவு நிகழ்ந்து கடல்வரை பாய்ந்தது. பின்னர் இறந்தவரையும் சேர்த்து 28 பேர் மாண்டனர். மழை மட்டும் அதற்குக் காரணமன்று. சிற்றாறு ஒன்றின் தலைப்பிலே வேறிடங்களிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மண் மலைபோற் குவிந்திருந்தது. 15 மீற்றர் உயரத்துக்கு மேற்படலாகாத அம்மண்குவியல் ஏறக்குறைய 50 மீற்றர் உயர்ந்திருந்தது. இலாபத்துக்காகக் கொட்டியவரும், கண்டும் தடுக்காத அதிகாரிகளும் பெருமழைக்குத் துணைநின்றனர். நாடு முழுவதற்குமான கடுமையான மண்நிரப்புச் சட்டம் 2022 இல் இயற்றப்பட்டு 2023 இல் நடைமுறைக்கு வந்தது. அக்குடும்பங்களுக்கு அது காலங்கடந்த சட்டம்.

இசுசானிலே பாறைக் குகையிலிருந்து பாயும் 'ஹஷிரியு' என்னும் ஊற்று, நாட்டின் மிகப் பழைய வெந்நீரூற்றுக்களுள் ஒன்று. அது இன்றும் பாய்கின்றது. ஓயுப் பேரூற்றோ 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே குன்றி, பின்னர் நின்றே போயிற்று. 1962 முதல் அது செயற்கையாகவே பொங்குகின்றது. இயற்கையின் கொடை என்று போற்றப்பட்ட ஊற்று இப்பொழுது மனித உழைப்பினால் உயிர்பெறுகின்றது.

வெந்நீரில் அமிழ்ந்து கடலைப் பார்க்கும் இன்பத்தை யாரும் மறுக்க வேண்டியதில்லை. உழைத்துக் களைத்த உடலுக்கு அது உரியதே. அவ்வின்பம் உண்மையிலே பொதுவாக வேண்டுமாயின், தொட்டி மட்டும் பொதுவாயிருந்தாற் போதாது. ஊற்றும் மலையும் அவற்றின்மேற் செய்யப்படும் முடிவுகளும் பொதுவாதல் வேண்டும். மாணவருக்குப் பிறநாட்டு வரலாற்றைக் கற்பிக்கும்போது இயெயாசுவின் ஏழு நாள்களோடு பாடத்தை முடித்துவிடாது, பீப்பாய் சுமந்தவரையும் பெட்டி தள்ளியவரையும் தன்னாவின் வற்றிய கிணறுகளையும் சேர்த்துச் சொல்லுதல் ஆசிரியரான நம் கடமையாகும்.