மடித்த தாளும் ஒரு டெபுடி கலெக்டரும்

காகிதம் மடிக்கும் கலைக்கு ஜப்பான்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ஒரிகாமி. ‘ஒரி’ என்றால் மடிப்பது, ‘காமி’ என்றால் தாள். நம் ராயபுரத்தில் அதற்குத் தனிப் பெயர் எதுவும் இல்லை. கல்மண்டபம் பக்கம் மழைத் தண்ணீர் நின்றால் பிள்ளைகள் நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கத்திக்கப்பல் செய்து விடுவார்கள். கடலைக்காரர் பழைய பேப்பரைச் சுருட்டி, அடியில் ஒரு மடி மடித்துப் பொட்டலம் தருவார். இதையெல்லாம் யாரும் கலை என்று சொன்னதில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன். அங்கே பிள்ளைகள் மடிக்கும் காகிதக் கோழிக்கு ‘கொகோத்’ என்று பெயர். ஜியாமெட்ரியை ‘ழெயோமெத்ரி’ என்றுதான் படித்தேன். அதனால்தானோ என்னவோ, ஜியாமெட்ரியையும் காகித மடிப்பையும் ஒன்றாகச் சேர்த்த ஒரு சென்னைப் புத்தகத்தைப் பற்றித் தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

புத்தகம் வெளிவந்தது 1893-ல். வெளியிட்டது மதராஸ் அடிசன் கம்பெனி. எழுதியவர் டி. சுந்தர ராவ். கும்பகோணம் கல்லூரியில் படித்தவர். வாத்தியார் இல்லை, வருவாய்த் துறைக்காரர். தாசில்தாராக இருந்து டெபுடி கலெக்டர் ஆனவர். கிஸ்தி, ஜமாபந்தி, பைசல் செய்ய வேண்டிய கட்டுகள் இவற்றுக்கு நடுவே அவர் ஜியாமெட்ரி எழுதினார் என்பதை, ஆயுள் முழுக்க ஆபீஸில் தாளைப் பாதியாக மடித்து மார்ஜின் விட்டே எழுதிய என்னால் நம்பவும் முடிகிறது, பொறாமைப்படவும் முடிகிறது.

யோசனை வந்த இடம் ஜப்பான் அல்ல. ஜெர்மனியில் கிண்டர்கார்டன் முறையைத் தொடங்கிய ஃப்ரோபெல், குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களில் வண்ணத் தாள் மடிப்பையும் சேர்த்திருந்தார். அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் தனக்கு எண்ணம் வந்தது என்று ராவ் முன்னுரையில் சொல்கிறார். ஜப்பானில் 1797-லேயே கொக்கு மடிப்பதற்கென்று புத்தகம் அச்சாகிவிட்டது. ஆனாலும் 1876-ல் டோக்கியோவில் கிண்டர்கார்டன் வந்தபோது அங்கேயும் அதே ஜெர்மன் மடிப்புகள் போய்ச் சேர்ந்தன. ஒரே விதை, இரண்டு ஊர்.

அவர் முறையைச் சொல்கிறேன், கையில் ஒரு சதுரத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேல், காம்பஸ் எதுவும் வேண்டாம். மடித்தாலே நேர்கோடு கிடைத்துவிடும். தாளை இடமும் வலமும் சேர நடுவில் மடித்துப் பிரியுங்கள். இப்போது கீழே இடது மூலையை அசைக்காமல், வலது மூலையைத் தூக்கி அந்த நடுக்கோட்டின் மேல் படும்படி மடியுங்கள். மடிப்பு இடது மூலை வழியாகவே போக வேண்டும். மூலை பட்ட இடத்தையும் கீழ் மூலைகள் இரண்டையும் சேர்த்தால் சமபக்க முக்கோணம். ஒவ்வொரு கோணமும் 60 டிகிரி. நம் பிள்ளைகள் மைக்கூடு செய்ய நாலு மூலையையும் நடுவுக்கு மடிப்பார்களே, அதில் சதுரத்தின் பரப்பு சரிபாதியாகிறது. மறுபடி மடித்தால் கால், பிறகு அரைக்கால். பெருக்குத் தொடரைக்கூட இப்படித் தாளிலேயே காட்டுகிறார் ராவ்.

இதை இங்கே யார் கவனித்தார்கள்? கவனித்தவர் ஜெர்மனியின் பெரிய கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன். 1895-ல் வந்த தன் நூலில் இந்த மதராஸ் புத்தகத்தைக் குறிப்பிட்டார். அதைப் படித்த பீமன், ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் ராவின் புத்தகத்தைத் திருத்தி, மடித்த தாள்களின் போட்டோக்களோடு 1901-ல் சிகாகோவில் வெளியிட்டார்கள். 1966-ல் நியூயார்க்கில் மறுபடி அச்சாயிற்று. கும்பகோணம் என்றதும் ராமானுஜன் பெயர் வருகிறது, வரட்டும். இவர் பெயரையும் பக்கத்தில் சொன்னால் என்ன?

ஒரு விஷயத்தில் அவர் கணக்கு தவறியது. கன அளவை இரட்டிப்பாக்கும் பழைய கிரேக்கப் புதிரை மடிப்பால் தீர்க்க முடியாது என்ற கருத்திலேயே எழுதிவிட்டார். 1936-ல் இத்தாலியில் மார்கெரிட்டா பெலோக் என்ற பெண்மணி, இரண்டு புள்ளிகளை ஒரே மடிப்பில் இரண்டு கோடுகளின் மேல் விழச்செய்தால் அதுவும் முடியும் என்று காட்டினார். ஸ்கேலும் காம்பஸும் செய்ய முடியாததைத் தாள் செய்துவிட்டது.

எண்ணூர் பக்கம் தொழிற்சாலைகளில் டிராயிங் பார்த்து வேலை செய்த நண்பர்களுக்கு ஒரு செய்தி. ஒரிகாமியை உலகறியச் செய்த அகிரா யோஷிசாவா (1911–2005) பதின்மூன்று வயதில் டோக்கியோவில் தொழிற்சாலைக்குப் போனவர். பின்னால் வரைவாளராகி, புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு ஜியாமெட்ரி சொல்லிக்கொடுக்கும் வேலை வந்தபோது தாளை மடித்துத்தான் விளக்கினாராம்.

என் பேரன் ஒன்பதாம் வகுப்பு. ஜியாமெட்ரி என்றால் காத தூரம் ஓடுவான். போன வாரம் அந்த 60 டிகிரி மடிப்பைக் காட்டினேன். “தாத்தா, காம்பஸ் இல்லாம எப்படி சரியா வருது?” என்றான். “அந்த மூணு பக்கமும் ஏன் சமம்னு நீயே சொல்லு” என்றேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் காலை, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, கசங்கிய தாளோடு வந்து சரியாகச் சொன்னான்.