இளைஞர் நீதிச் சட்டம், 2015 (இந்தியா)

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 என்பது 18 வயது நிரம்பாதோர் மீதான குற்ற வழக்குகளையும் ஆதரவு தேவைப்படும் குழந்தைகளின் பராமரிப்பையும் முறைப்படுத்தும் நடுவண் சட்டம். 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது. கொடுங்குற்ற வழக்கில் சிக்கும் 16 முதல் 18 வயதுக்குட்பட்டோரைப் பெரியவர்களைப் போல விசாரிக்க இது இடமளிக்கிறது.

இந்திய மாகாணங்களில் சிறாருக்கெனத் தனிச் சட்டம் முதலில் வந்தது சென்னையில், 1920இல். வங்காளமும் பம்பாயும் பின்தொடர்ந்தன. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆண்பிள்ளைக்கு 16, பெண்பிள்ளைக்கு 18 என வயது வரம்பு இருந்தது. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை 1992இல் இந்தியா ஏற்றதையொட்டி, 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலருக்கும் 18 என்றாக்கியது. ஆக, 2015ஆம் ஆண்டுத் திருப்பத்தை முழுப் புதுமை என்பதைவிடப் பழைய கோட்டுக்குப் பாதி திரும்பியது என்பதே பொருந்தும்.

2012 டிசம்பர் டெல்லி கூட்டு வல்லுறவு வழக்கில் கைதான அறுவரில் ஒருவருக்கு 18 ஆகச் சில மாதங்களே இருந்தன. அவருக்குக் கிடைத்தது சிறப்பு இல்லத்தில் மூன்றாண்டு; அன்றைய சட்டத்தில் அதுவே உச்சவரம்பு. மக்கள் கொதித்தனர். ஆனால் இவ்வழக்கையொட்டி அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு வயது வரம்பைக் குறைக்கப் பரிந்துரைக்கவில்லை. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. ஆனாலும் இச்சட்டத்துக்கான மசோதாவை மக்களவை 2015 மே மாதம் நிறைவேற்றியது. டிசம்பர் 20 அன்று அந்த இளைஞர் விடுதலையானார். இரண்டே நாளில் மாநிலங்களவையும் ஒப்புதல் தந்தது. முன்தேதியிட்டுத் தண்டிக்க அரசமைப்பு இடந்தராததால், யாரை முன்னிட்டு இச்சட்டம் பிறந்ததோ அவர்மீது அது பாயவில்லை.

வழக்கு முதலில் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு வரும். ஒரு நடுவரும், ஒருவரேனும் பெண்ணாக உள்ள இரு சமூகப் பணியாளர்களும் அதன் உறுப்பினர்கள். அமர்வு நடக்கும் அறை நீதிமன்றம்போல் இருக்கக்கூடாது. உயர்ந்த மேடையோ சாட்சிக் கூண்டோ கூடாது. குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு அல்லது அதற்கு மேல் உள்ள குற்றந்தான் கொடுங்குற்றம். 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய இதை 2021ஆம் ஆண்டுத் திருத்தம் உறுதிசெய்தது. அத்தகைய வழக்கில் சிறாரின் உடல், மனத் திறனையும் விளைவை உணரும் ஆற்றலையும் குற்றச் சூழலையும் குழுமம் முதற்கட்டமாக மதிப்பிட்டு, தேவையெனில் பெரியவரைப் போல விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பும்.

சட்டத்தின் பலவீனம் இந்த மதிப்பீட்டில்தான். என்றோ ஒருநாள் இருந்த மனநிலையைப் பிறகொரு நாள் உட்கார வைத்துப் பேசி அளக்கும் கருவி உளவியலிடமும் இல்லை. குழந்தை உளவியல் அல்லது மனநல மருத்துவத்தில் பட்டம் பெற்ற உறுப்பினர் இல்லாத குழுமம் வல்லுநர் உதவியைக் கட்டாயம் நாடவேண்டும் என 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதிப்பீட்டை முடிக்கச் சட்டம் தரும் மூன்று மாதக் கெடு கட்டாயமல்ல என்றது 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

பெரியவராக விசாரிக்கப்பட்டாலும் மரண தண்டனையோ, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையோ விதிக்கமுடியாது. 21 வயதுவரை சிறைக்குப் பதில் பாதுகாப்பிடம், அதன்பின் மறுமதிப்பீடு. பிற சிறாரின் தண்டனைப் பதிவுகள் உரிய காலத்துக்குப்பின் அழிக்கப்படும். பெரியவராக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவரின் பதிவைக் குழந்தைகள் நீதிமன்றம் அழிக்காமல் வைத்திருக்கும்.