தலையை எண்ணித்தான் பங்கு

"பெரம்பலூர் மாவட்டமா, தாலுகாவா?" என்று சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்கள் கேலி பண்ணுவார்கள். கேலியில் கொஞ்சம் உண்மையும் இருக்கு. 2011 கணக்கெடுப்புப்படி எங்க மாவட்டத்துல 5,65,223 பேர். அப்போ இருந்த 32 மாவட்டங்கள்ல இதுதான் கடைசி. பக்கத்து அரியலூர்ல 7,54,894 பேர். இவ்வளவு சின்னதா ஏன் பிரிச்சாங்க, அதுல லாபம் என்ன, நட்டம் என்னன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

1995 வரைக்கும் நாங்க எல்லாரும் திருச்சி மாவட்டம். கலெக்டர்கிட்ட மனு கொடுக்கணும்னா திருச்சிக்குத்தான் பஸ் ஏறணும். ஜெயங்கொண்டம் பக்கத்து ஆளுக்கு அது ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். பஸ் காசு ஒரு பக்கம், அன்னைக்குக் கூலி போனது ஒரு பக்கம். 1995-ல திருச்சியைப் பிரிச்சு கரூர், பெரம்பலூர்னு ரெண்டு புது மாவட்டம் வந்துச்சு. ரயில் நிக்கிறது அரியலூர்ல, கலெக்டர் உக்காந்தது ரயிலே இல்லாத பெரம்பலூர்ல. 2001 ஜனவரி 1-ல அரியலூரும் தனி மாவட்டம் ஆச்சு. 2002 மார்ச் 31-ல திரும்ப பெரம்பலூரோட சேர்த்துட்டாங்க. 2007 நவம்பர் 23-ல மறுபடியும் தனி. ஏழு வருஷத்துக்குள்ள அந்தச் சனங்களோட விலாசம் மூணு தடவை மாறிச்சு.

மாவட்டம் பக்கத்துல வந்ததுல எங்களுக்கு லாபம்தான். ஆனா குடிதண்ணி, தெருவிளக்கு, ஊர் ரோடு எல்லாம் ஊராட்சி பாடு. பெரம்பலூர்ல 4 ஒன்றியம், 121 ஊராட்சி. அரியலூர்ல 6 ஒன்றியம், 201 ஊராட்சி. ராஜேந்திர சோழன் தலைநகரமா வச்சிருந்த கங்கைகொண்டசோழபுரமும் இன்னைக்கு ஜெயங்கொண்டம் ஒன்றியத்துல ஒரு ஊராட்சிதான்.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்குப் புரியிற மாதிரி ஒரு கணக்கு. சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு. ஒரு வார்டுக்கு ரெண்டு சதுர கிலோமீட்டர் சொச்சம், சனம் 30,000-க்கு மேல. எங்க மாவட்டத்துக் கிராம சனத்தை 121-ஆல வகுத்தா ஒரு ஊராட்சிக்கு 4,000 பேருக்கும் குறைச்சல். பரப்பு சராசரியா 12 சதுர கிலோமீட்டருக்கு மேல வரும். உங்க வார்டுல ஒரு தெருவுக்குக் குழாய் போட்டா நூறு வீட்டுக்குத் தண்ணி. இங்க அதே நீளத்துக்குக் குழாய் போட்டா வழியில பாதி சோளக்கொல்லையும் பருத்திக்காடும்தான். கடைசியில இருக்கிற காலனிக்குப் போய்ச் சேர்றப்போ பத்து வீடு இருக்கும்.

ஆனா பணம் வர்றது தலையை எண்ணி. 15-வது நிதிக்குழு உள்ளாட்சிப் பணத்தை மாநிலங்களுக்குப் பிரிச்சப்போ மக்கள்தொகைக்கு 90 சதவீதம், பரப்புக்கு 10 சதவீதம்னு வச்சாங்க. எடுத்துக்கிட்ட கணக்கு 2011-ஓடது. வேலை நிலத்தை அளந்து, காசு ஆளை எண்ணின்னா சின்ன ஊராட்சிக்கு எப்படிக் கட்டுப்படி ஆகும்?

அப்போ நாலஞ்சு ஊராட்சியை ஒண்ணாச் சேர்த்துடலாமேன்னு கேப்பீங்க. ஜப்பான்ல அப்படித்தான் செஞ்சாங்க. 1999-ல அங்க 3,200-க்கு மேல இருந்த உள்ளாட்சிகள் 2010-ல 1,700 சொச்சமாச்சு. செலவு மிச்சம்தான். ஆனா ஆபீஸ் தூரமாப் போனா அலையப் போறது வயசானவங்க. திருச்சிக்கு அலைஞ்ச எங்களுக்கு அது தெரியும். ஊராட்சியை விட்டுடக்கூடாது. பங்கு போடுற கணக்குல பரப்புக்கு இன்னும் கொஞ்சம் எடை கொடுக்கணும்.

ஆள் இருந்துதானே ஊராட்சி நடக்கணும்? 2016-ல பதவிக்காலம் முடிஞ்சு, தேர்தல் வர 2019 டிசம்பர் ஆச்சு. அந்தத் தேர்தல்ல வந்த தலைவர்களுக்கும் 2025 ஜனவரியில காலம் முடிஞ்சு, தனி அலுவலர் கையில போச்சு. வீட்டு வாசல்ல நின்னு "தண்ணி வரலியே தலைவரே"ன்னு கேக்குறதுக்குத்தான் சின்ன ஊராட்சி. கேக்க ஆளில்லாட்டி அது சின்னதா இருந்து என்ன பிரயோசனம்?

அடுத்த கணக்கெடுப்பு 2027-க்குன்னு அறிவிச்சிருக்காங்க. இங்க பொறந்து திருப்பூர்லயும் சென்னையிலயும் குடியிருக்கிறவங்களை அங்கதான் எண்ணுவாங்க. அதுதான் முறை. பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்போ குழாய்ல தண்ணி மெல்லமா வந்தா இந்தக் கணக்கையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.