மே 8, 1977: ஒரு ஒலிநாடா காப்பாற்றிய இரவு

கிரேட்ஃபுல் டெட் ரசிகர்களிடம் "எந்த அல்பத்தில தொடங்கலாம்?" எண்டு கேட்டால், பலபேர் அல்பத்தின் பெயர் சொல்ல மாட்டினம், ஒரு திகதி சொல்லுவினம். அடிக்கடி வரும் திகதி 1977 மே 8. இடம், நியூயோர்க் மாநிலத்தின் இத்தாக்காவில் உள்ள கோர்னல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹோல். மே மாதத்திலும் வெளியே பனி கொட்டிய நாள் அது.

1965இல் கலிபோர்னியாவில் தொடங்கிய இந்தக் குழு ஒரே பாட்டை ஒவ்வொரு மேடையிலும் வேறு மாதிரி வாசிக்கும். எங்கே திரும்புவது எண்டது வாசிக்கும்போதுதான் முடிவாகும். அதனால அவர்களின் உண்மையான வரலாறு ஸ்டூடியோவில் இல்லை, மேடையில்தான் இருக்கு.

கோர்னலில் 'ஸ்கார்லட் பிகோனியாஸ்' பாட்டிலிருந்து 'ஃபயர் ஒன் த மவுண்டன்' பாட்டுக்குப் போகும் இடத்தைக் கேட்டுப் பாருங்கோ. இரண்டாவது பாட்டு மேடையேறியே இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதில் இருப்பது இரண்டே கோர்ட். ஃபில் லெஷின் பேஸ் மெல்ல வழி மாற்ற, ஜெரி கார்சியாவின் கிற்றார் அதன் பின்னால் போகுது. முதல் பாட்டு எங்கே முடிஞ்சது எண்டு பிடிக்கவே ஏலாது. இரண்டும் சேர்ந்து 25 நிமிடத்துக்கு மேல். பிறகு வரும் 'மோர்னிங் டியூ' அணுகுண்டுப் போருக்குப் பிந்திய உலகைப் பற்றி பொனி டொப்சன் எழுதிய பாட்டு. கிசுகிசுப்பாகத் தொடங்கி, கடைசியில் கிற்றார் ஒரு புயலாகவே எழும்பி நிற்கும்.

ஆனால் அந்த வசந்தகாலச் சுற்றுப்பயணத்தில் இதற்கு ஈடான இரவுகள் வேறும் இருந்தன. பிறகு ஏன் இந்த இரவு மட்டும் இவ்வளவு பேசப்படுது? ஒரு பெரிய காரணம், ஒலிப்பதிவாளர் பெற்றி கான்டர்-ஜாக்சன் எடுத்த அபாரமான தெளிவுள்ள பதிவு.

அந்த நாடாக்களைப் பிறகு அவர் இழந்தார். களஞ்சிய வாடகை கட்ட முடியாமல் போக, 1986இல் அவை ஏலத்தில் போயின. வாங்கியவர்களிடமிருந்து பிரதிகள் ரசிகர்களிடையே கசெட் கசெட்டாகப் பரவின. மேடையிசையை ஒலிப்பதிவு செய்து காசில்லாமல் பகிர்வதைக் குழுவும் தடுக்கவில்லை. 2011ஆம் ஆண்டுக்கான அமெரிக்கத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் காங்கிரஸ் நூலகம் இந்தக் கொன்சேர்ட்டைச் சேர்த்தபோது, அது அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்திருக்கவில்லை. அதிகாரபூர்வமாக வெளிவந்தது 2017இல், 40 வருடம் கழிச்சுத்தான்.

வரலாற்றில் நிற்கும் இரவு நல்லாய் வாசிக்கப்பட்டது மட்டுமில்லை. ஆரோ ஒருவர் கவனமாகப் பதிவு செய்து, பலபேர் கைமாற்றிக் காப்பாற்றியது. கார்சியாவின் பெயரைச் சொல்லும்போது பெற்றியின் பெயரையும் சேர்த்துச் சொல்லுவம். அவர் இல்லாட்டி, அந்த இரவு இவ்வளவு தெளிவாக எங்களுக்குக் கிடைச்சிருக்காது.