வீட்டிலிருந்தே வேலை மோசடி

வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாம் என்று ஆசை காட்டி, வேலை தேடி வருபவரிடமே பணம் கறக்கும் ஏமாற்றுகளுக்கான பொதுப்பெயர். முன்பு பத்திரிகை வரி விளம்பரமாகவும் மின்கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸாகவும் வந்தது. இப்போது வாட்ஸ்அப், டெலிகிராம் வழியே வருகிறது. ஓய்வுபெற்றவர்கள், பெண்கள், வேலையில்லாத இளைஞர்கள் ஆகியோரே அதிகம் குறிவைக்கப்படுகிறார்கள்.

சின்ன காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர்களுக்கு வீட்டில் வேலை புதிதல்ல. வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றிய தெருக்களில் தறி போட்ட வீடுகள் தலைமுறைகளாக இருந்து வருகின்றன. முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ பாவு, ஊடைப்பட்டு, ஜரிகை எல்லாவற்றையும் எடை போட்டுக் கொடுக்கும். நெய்த புடவையை மறுபடி எடை பார்த்து வாங்கிக்கொண்டு கூலி தரும். தறியில் உட்காரும் முன்பே அட்வான்ஸ் வாங்குவதும் வழக்கம். அந்த அட்வான்ஸே கடனாகிக் குடும்பத்தைக் கட்டிப்போட்டதும், பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளையைத் தறியில் உட்கார வைத்ததும் உண்டு; அந்த முறை ஒன்றும் புனிதமானதல்ல. ஆனாலும் மூலப்பொருளும் முன்பணமும் வேலை கொடுப்பவர் கையிலிருந்துதான் வந்தன. மோசடியில் இது தலைகீழ். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், டெபாசிட், ஐடி கார்டு செலவு என எந்தப் பெயரில் கேட்டாலும் சரி, வேலை தருகிறவர் பணம் கேட்டால் அங்கே வேலை இல்லை.

இன்று அதிகம் பேரைக் கவிழ்ப்பது ‘டாஸ்க்’ மோசடி. அறிமுகமில்லாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வரும்: யூடியூப் வீடியோவுக்கு லைக் போடுங்கள், ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள், ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள். நூற்றைம்பதோ இருநூறோ ரூபாய் உண்மையாகவே கணக்கில் விழும். ஏமாறுகிறவரின் சந்தேகம் அந்தச் சில்லறையில்தான் கரைகிறது. அடுத்து டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். அங்கே ‘எனக்கு வந்துவிட்டது’ என்று வரவுச் சீட்டுப் படம் போடுகிறவர்களில் பெரும்பாலோர் அவர்களின் ஆட்களே. பிறகு முன்பணம் கட்டிச் செய்யும் டாஸ்க். ஒரு போலி இணையதளத்தில் லாபம் ஏறிக்கொண்டே போவது கண்ணுக்குத் தெரியும். எடுக்கப் போனால் வரி கட்டு, கணக்கைத் திறக்கக் கட்டு, ஒரு டாஸ்க் தவறிவிட்டது அதற்கும் கட்டு என்று நீளும். போட்டதை மீட்கவே மேலும் போடுகிறார்கள். நகை அடகுக்கடைக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான்.

பழைய வகைகளும் ஓயவில்லை. பென்சில் பேக்கிங் வேலை என்று பிரபல பென்சில் நிறுவனத்தின் பெயரில் போலி விளம்பரங்கள் சுற்றுகின்றன. டேட்டா என்ட்ரி வகையில், நூறு பக்கம் தட்டச்சு செய்து கொடுத்த பிறகு ‘பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள்’ என்று வக்கீல் நோட்டீஸ் போன்ற ஒரு காகிதம் வரும். பயந்து பணம் கட்டுபவர்கள் இருப்பதால்தான் அந்தக் காகிதம் இன்னும் அச்சாகிறது.

விளம்பரம் பார்த்தால் பணம் என்று சொன்ன மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மீது கோவையில் வழக்குப் பதிவானபோது, 2024 ஜனவரியில் நீலாம்பூரில் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் அதற்கு ஆதரவாகவே திரண்டார்கள். கட்டணம் கட்டிச் சேர்ந்தவர், தன் சொந்தக்காரர்களையும் சேர்த்துவிட்டவர், எப்படிச் சந்தேகப்படுவார்? தெரிந்தவர் சொன்னார் என்பது எந்தத் திட்டத்துக்கும் உத்தரவாதம் ஆகாது.

எதிர்முனையில் மோசடிச் செய்தியைத் தட்டச்சு செய்பவர் எப்போதுமே விரும்பி வந்தவராக இருப்பதில்லை. தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போய் மியான்மரில் அடைக்கப்பட்டு இணைய மோசடி செய்ய வற்புறுத்தப்பட்ட தமிழர்களில் 13 பேர், 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினார்கள். ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் பரிந்துரைப்படி, டாஸ்க் மற்றும் முதலீட்டு மோசடியில் ஈடுபட்ட 100-க்கும் மேற்பட்ட இணையதளங்கள் 2023 டிசம்பரில் முடக்கப்பட்டன. ஏமாற்றிப் பெற்ற பணம் கிரிப்டோவாகவும் வெளிநாட்டு ஏடிஎம் வழியாகவும் நாட்டை விட்டுப் போவதாக அரசு அப்போது விளக்கியது.

நாட்டை விட்டுப் போகும் முன் அது உள்ளூர் வங்கிக் கணக்குகளில் தங்கிப் போகிறது. அதற்கு ஆள் பிடிப்பதும் ‘வீட்டு வேலை’ என்ற பெயரில்தான்: பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் கொடுத்தால் கமிஷன். ஒரு நாள் கணக்கு முடங்கும். வேறு மாநிலப் போலீஸிடமிருந்து நோட்டீஸ் வரும். நெய்த கூலியும் அரசின் மகளிர் உரிமைத் தொகையும் அதே கணக்கில் மாட்டிக்கொள்ளும். கணக்கை வாடகைக்கு விட்டவர் பாதிக்கப்பட்டவராக அல்ல, குற்றவாளிக்கு உதவியவராகவே விசாரிக்கப்படுவார்.

பணம் போனது தெரிந்ததும் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிய வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் இங்கே முக்கியம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. பரிவர்த்தனை எண்ணும் தேதியும் தயாராக இருக்கட்டும். வெட்கப்பட்டு உரையாடலை அழித்துவிடுவது சாட்சியை அழிப்பது போலத்தான். வாடிக்கையாளரின் கவனக்குறைவு இல்லாமல் கணக்கிலிருந்து தெரியாமல் எடுக்கப்பட்ட பணத்துக்கு, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. தானே யுபிஐ-யில் அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

ஏமாந்தவரின் எண் கைமாறிப் போய், சில வாரங்களில் இன்னொரு அழைப்பும் வரக்கூடும். சைபர் பிரிவு அதிகாரி என்றோ வக்கீல் என்றோ அறிமுகம் செய்துகொண்டு, போன பணத்தை மீட்டுத் தர முன்கட்டணம் கேட்பார்கள். 1930-இல் புகார் கொடுக்கக் கட்டணம் எதுவும் கிடையாது.